பாட்டிக்கும் சபையில் இடம் உண்டு!

"கிராம சபைக்கு வரலையா பாட்டி?" என்று கேட்டேன்.

"அந்த நாலு படியை யாரு ஏறுறது கண்ணு? முழங்கால் விடமாட்டேங்குதே!"

சுருக்கென்றது எனக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை கூடும் சபை அது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோருமே உறுப்பினர்கள்தான். படியே தடுத்தால்?

பொதுக் கட்டடங்கள் மாற்றுத் திறனாளிகளுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். சகோதரிகளே, சாய்தளம் கேளுங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலி சறுக்கிவிடும். அதுவரை சமதரையில் கூட்டம், உட்கார நாற்காலி, காது மந்தமானவருக்கு ஒலிபெருக்கி போதுமே!

நாலு பெண்களாகப் போய்த் தலைவரிடம் சொன்னோம். அடுத்த கூட்டம் வேப்பமரத்தடியில் நடந்தது. குழாயில் தண்ணீர் வராததை முதலில் எழுந்து கேட்டது யார் தெரியுமா? பாட்டிதான்!