மின்விளக்கு அணையாதிருக்கத் திட்டமிடும் பொறியாளர்கள்

2018 செப்டம்பர் 18, அதிகாலை 1.18 மணி. சிங்கப்பூரின் பல வட்டாரங்களில் மின்சாரம் திடீரெனத் தடைப்பட்டது. சுமார் 147,000 வீடுகளும் வர்த்தகங்களும் பாதிக்கப்பட்டன. 38 நிமிடங்களில் நிலைமை சீரானது. பலர் தூக்கத்தில் இருந்ததால் அதை உணரக்கூட இல்லை.

ஆனால், மின்கட்டமைப்பைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கு அத்தகைய ஒவ்வொரு நிமிடமும் பாடம்.

மின்பொறியியல் படித்தால் மின்நிலையத்திலோ கட்டுமானத் தளத்திலோதான் வேலை என மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். எரிசக்திக் கொள்கை, கட்டமைப்புத் திட்டமிடல் ஆகியவையும் பொறியாளர்களுக்கு உரிய துறைகளே. இன்னும் 20 ஆண்டுகளில் நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், அது எங்கிருந்து வரும், மக்கள் அதற்கு எவ்வளவு செலுத்த நேரிடும் என்பதை இவர்கள் கணக்கிடுகின்றனர்.

மேகத்துக்கும் கணக்கு உண்டு

சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு, இறக்குமதி செய்யப்படும் இயற்கை எரிவாயுவிலிருந்து கிடைக்கிறது. கரிம வெளியேற்றத்தைக் குறைக்கச் சூரியசக்தி உதவுகிறது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021ல் திறக்கப்பட்ட மிதக்கும் பண்ணையில் மட்டும் 122,000 சூரியத் தகடுகள் உள்ளன. ஆனால், ஒரு மேகம் கடந்தாலே உற்பத்தி சரியும்.

அந்த இடைவெளியை நிரப்ப ஜூரோங் தீவில் 285 மெகாவாட் மணிநேர மின்சேமிப்பு அமைப்பு செயல்படுகிறது. அதன் முழுத் திறனான 200 மெகாவாட்டில் இயக்கினால், சேமித்த மின்சாரம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற்கே தாங்கும். இன்னும் எத்தனை அமைப்புகள் வேண்டும்? குறைவாகக் கட்டினால் மின்தடை அபாயம். அளவுக்கு மீறிக் கட்டினால் அந்தச் செலவு வீட்டுக் கட்டணத்தில் ஏறும். திட்டமிடுபவரின் பொறுப்பு இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

பல்லாண்டு நிலைக்கும் முடிவுகள்

நிலத்துக்கடியில் சுமார் 60 மீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்வடச் சுரங்கப்பாதைகள் ஓடுகின்றன. ஒருமுறை தோண்டியதை இடம் மாற்ற முடியாது. மின்நிலையங்களும் பல்லாண்டுகள் இயங்குபவை. அதனால்தான் புதிய எரிவாயு மின்நிலையங்கள், பின்னாளில் ஹைட்ரஜனையும் கலந்து எரிக்கக்கூடியவையாக இருக்கவேண்டும் என்ற விதி வந்துள்ளது.

லாவோசிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக மின்சாரம் பெறும் திட்டம் 2022ல் தொடங்கியது. 2035க்குள் சுமார் 6 கிகாவாட் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்வது இலக்கு. இத்தகைய திட்டங்களில் மின்சுற்று அறிவு மட்டும் போதாது. ஒப்பந்தம், பொருளியல், அண்டை நாடுகளுடன் பேசும் பக்குவம் ஆகியவையும் தேவை.

நுழைவது எப்படி?

மின்பொறியியல் பட்டம் வழக்கமான பாதை. இயந்திரவியல், தரவு அறிவியல், பொருளியல் படித்தவர்களுக்கும் இடமுண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டயத்துடன் களப்பணியில் தொடங்கிப் பின்னர் பட்டம் பெற்றுத் திட்டமிடலுக்கு மாறலாம். எரிசக்திச் சந்தை ஆணையம், எஸ்பி குழுமம், மின்உற்பத்தி நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் வாய்ப்புகள் உள்ளன. கணிதத்தில் உறுதியும், சிக்கலான விவரத்தை எளிமையாக எழுதும் திறனும் கைகொடுக்கும்.

ஆர்வம் இருக்கிறதா எனச் சோதிக்க ஒரு சிறு பயிற்சி. வீட்டின் கடந்த சில மாத மின்கட்டண ரசீதுகளை எடுங்கள். எந்த மாதம் பயனீடு கூடியது, ஏன் கூடியது எனப் பெற்றோரிடம் கேளுங்கள். அதே கேள்வியை நாடு முழுமைக்கும், வரப்போகும் ஆண்டுகளுக்கும் கேட்பதே இந்தப் பொறியாளர்களின் வேலை.