காற்பந்து அரங்கில் ஆதரவாளர் குழுக்கள்

புக்கிட் ஜாலில் என்றதும் நம் பள்ளிப் பிள்ளைகள் தேசிய அரங்கம் என்பார்கள். பெரியவர்களுக்கோ அது ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெயர். பால்மரம் நின்ற அந்த வட்டாரத்தில் 1998-இல் திறக்கப்பட்ட அரங்கில் 80,000 பேருக்கு மேல் அமரலாம். கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் நம் இளைஞர்கள் ரயிலேறி அங்கே போகிறார்கள். சிலர் வெறும் பார்வையாளராகப் போவதில்லை; ஆதரவாளர் குழுவில் ஒருவராகப் போகிறார்கள். அக்குழு எத்தகையது என்று பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

முன்பும் ஆதரவாளர்கள் இருந்தார்கள். மெர்டேக்கா அரங்கில் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த காலத்தில் கூட்டம் தானாக முழங்கும், தானாக ஓயும். இன்றைய 'அல்ட்ராஸ்' முறை வேறு. 1960-களின் பிற்பகுதியில் இத்தாலியில் தோன்றிய அம்முறை, தேசியக் குழுவுக்கு 'அல்ட்ராஸ் மலாயா', சிலாங்கூருக்கு 'அல்ட்ராசெல்' என இங்கும் வேர்விட்டது. கோல் கம்பத்துக்குப் பின்புறம் ஒரே பகுதியில் கூடி நிற்பார்கள். ஆட்டம் முடியும்வரை உட்காரமாட்டார்கள். ஒருவர் ஒலிபெருக்கியுடன், திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து நிற்பார். அவர் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தொடர்வார்கள். முரசும் அவர் கையசைவுக்கு அடங்கும். தைப்பூசத்தில் உறுமிக் குழுவைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். பாவம், கோல் விழுவதை அவர்தான் பார்க்க முடிவதில்லை!

இந்தக் கட்டுப்பாடே அவர்களின் பலம். நிர்வாகம் சரியில்லையென்றால் பாட்டை நிறுத்துவார்கள். அல்லது அரங்கிற்கே வரமாட்டார்கள். வேலைநிறுத்தம் கண்ட தோட்ட மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் 2015 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். 3-ஆம் தேதி அபுதாபியில் தேசியக் குழு ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 10–0 எனத் தோற்றது. பயிற்றுநர் பதவி விலகினார். ஆதரவாளர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். 8-ஆம் தேதி, பின்னாளில் இடிக்கப்பட்ட ஷா ஆலாம் அரங்கில் சவூதி அரேபியாவுடன் ஆட்டம். 2–1 என நாம் பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் தீக்குழல்களும் புகைக்குண்டுகளும் திடலில் விழுந்தன. ஆட்டம் நின்றது, பிறகு தொடரவே இல்லை. சவூதி 3–0 என வென்றதாக ஃபிஃபா தீர்ப்பளித்தது. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதம். அத்துடன் ஓர் ஆட்டத்தைப் பார்வையாளரின்றி நடத்த வேண்டும் என்ற தண்டனை. வம்பே செய்யாத ஆயிரக்கணக்கானோருக்கும் அன்று கதவு அடைபட்டது.

'ஃபிளேர்' எனப்படும் தீக்குழல் மத்தாப்பு அல்ல. 1,000 டிகிரிக்கு மேல் எரியும். தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் அணையாது. 1993-இல் கார்டிஃப் நகரில் வேல்ஸ்–ருமேனியா ஆட்டத்தின்போது, கப்பலில் பயன்படுத்தும் அபாய ராக்கெட் ஒன்றை யாரோ கொளுத்திவிட, அரங்கின் மறுபக்கத்தில் இருந்த முதியவர் ஒருவர் உயிரிழந்தார்.

மகன் குழுச் சட்டை வாங்கி வந்தால் பறிக்க வேண்டாம். யாருடன் போகிறான், எந்த ரயிலில் திரும்புவான் என்று கேளுங்கள். அரங்க வாயிலில் பைகளைச் சோதிப்பார்கள். “தம்பி, இதைக் கொஞ்சம் உள்ளே கொண்டு வா” என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்கக்கூடாது என்பதை, அவன் புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள்.