இயந்திரப் பாட்டும் எதிர்ப்பாட்டும்

கொடுங்கோல் எதிர்காலத்தைக் கற்பனை செய்த முக்கியமான நாவல்கள் சிலவற்றில் பாட்டுக்குத் தடை இல்லை. பாட்டு தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அதைத் தயாரிப்பது அரசு. ரஷ்ய எழுத்தாளர் ஜாமியாத்தின் 1920-21இல் எழுதிய ‘நாம்’ நாவலில், கைப்பிடியைச் சுற்றினால் மணிக்கு மூன்று சொனாட்டா வரை தரும் இயந்திரம் வருகிறது. பழங்காலத்தார் எப்படித் திண்டாடினார்கள் என்று காட்டுவதற்காக ஒரு பெண்ணை மேடையேற்றி, இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் இசையைப் பியானோவில் வாசிக்க வைக்கிறார்கள். கூட்டம் சிரிக்கிறது. கதாநாயகனுக்கோ சிரிப்பு வரவில்லை.

1949இல் வெளிவந்த ஆர்வெல்லின் ‘1984’ இதை இன்னும் நுட்பமாகச் சொல்கிறது. அங்கே பாமர மக்களுக்கென்றே ஒரு கருவி பாட்டுக் கட்டித் தள்ளுகிறது. முற்றத்தில் துணி உலர்த்தும் பெண் ஒருத்தி, வாயில் கிளிப்பு இல்லாத நேரமெல்லாம் அந்த மட்டமான பாட்டைத்தான் பாடுகிறாள். அவள் குரலில் அது இனிக்கிறது. கலகம் செய்யும் எண்ணமே அவளுக்கு இல்லை என்பதுதான் விசேஷம்.

இந்தக் கருவை இசையாகவே ஆக்கியது கனடாவின் ரஷ் ராக் குழு. 1976இல் வந்த ‘2112’ இசைத்தட்டின் முதல் பக்கம் முழுக்க, ஏறத்தாழ 20 நிமிடம், ஒரே கதை. வரிகள் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட்டுடையவை. எழுத்தாளர் அய்ன் ராண்டின் தாக்கத்தை அவரே உறையில் குறிப்பிட்டிருந்தார். படிப்பதும் கேட்பதும் பார்ப்பதும் எதுவெனப் பூசாரிகள் தீர்மானிக்கும் உலகில், அருவிக்குப் பின்னுள்ள குகையில் ஒருவனுக்குப் பழைய கிதார் கிடைக்கிறது. அது என்னவென்றே அவனுக்குத் தெரியாது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே குழுவின் கிதார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் தளர்ந்த தந்திகளைத் தட்டுகிறார், அபசுரம். முறுக்காணியைத் திருகத் திருகச் சுருதி கூடுகிறது, பிறகு மெதுவாக ஒரு மெட்டுப் பிறக்கிறது. கதையின் உயிர் இந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறது. ஆவலோடு கொண்டுபோய்க் காட்டியவனிடம், பழைய இனத்தை அழித்த விளையாட்டுச் சாமான் இது என்று சொல்லித் தலைமைப் பூசாரி கிதாரை மிதித்து நொறுக்குகிறார். அவன் குகைக்குத் திரும்பி உயிரை விடுகிறான்.

இசைத்தட்டு உருவான கதையிலும் ஒரு மல்லுக்கட்டு உண்டு. 1975இல் வந்த முந்தைய தொகுப்பு சரியாக விற்காததால், வானொலிக்கேற்ற சின்னப் பாட்டுகளைத் தரும்படி இசைத்தட்டு நிறுவனம் நெருக்கியது. குழு கேட்கவில்லை, போனால் போகட்டும் என்று இந்த நீண்ட கதையையே பதிவு செய்தது. அமெரிக்காவில் மட்டும் அது 30 லட்சம் பிரதிகளுக்குரிய பிளாட்டினச் சான்று பெற்றது.