பனி பெய்வதில்லை

மார்கழிப் பனி என்றால் சிறுவயதில் எனக்கு அழுகைதான் வரும். விடியுமுன் காட்டுக்குப் போக வேண்டும். எங்கள் கரிசலில் மழை ஓய்ந்தபின் கொண்டைக்கடலைக்கு மண்ணின் ஈரமும் பனியுமே துணை.

"பனி பெய்கிறது" என்போம். நண்பர்களே, பனி மேலிருந்து பெய்வதில்லை! மேகமற்ற இரவில் இலை தன் வெப்பத்தை வானை நோக்கிக் கதிர்வீசி இழக்கிறது, காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதைத் தொடும் காற்றின் நீராவி துளியாகப் படிகிறது. வெல்ஸ் என்ற மருத்துவர் கம்பளி மயிர்க் கொத்துகளை இரவில் வெளியே வைத்து, காலையில் எடை பார்த்து ஆராய்ந்து, 1814-இல் இதை நூலாக வெளியிட்டார்.

வகுப்பில் படித்ததை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மூடாப்பா இருக்குற ராத்திரி பனி இருக்காதே, மரத்தடியிலயும் புல்லு நனையாதேப்பா" என்றார், பள்ளிக்கூடமே போகாத அம்மா. வெல்ஸ் எடை பார்த்துக் கண்டதும் அதுதான்!

கடலைச்செடியின் பனி புளிக்கும். இலை மயிர்களில் சுரக்கும் மாலிக் அமிலம் அதில் கலந்திருப்பதே காரணம். இரவில் செடிமேல் துணியை விரித்து, காலையில் பிழிந்து அந்தப் புளிப்பைச் சேர்ப்பது பழைய வழக்கம். செடிகளுக்கிடையே நடந்தால் காலை அரிப்பதும் அதுவே.

இந்த அரையாண்டு விடுமுறையில் யாரும் எழுப்பாமலே எழுந்து அம்மாவுடன் போனேன். வெயில் சாய்வாக விழுந்ததும் கடலைக்காடு முழுதும் மின்னிற்று. ஓர் இலையை நாவில் வைத்தேன். நல்ல புளிப்பு.