கடைசிப் பெயர் யாருடையது?

1959 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் செல்களில் 46 குரோமோசோம்களுக்குப் பதில் 47 இருக்கின்றன என்று அது அறிவித்தது. மருத்துவ மரபியலின் போக்கையே மாற்றிய அந்தக் கட்டுரையில் மூன்று பெயர்கள் இருந்தன. முதலில் ஜெரோம் லெஜேன், கடைசியில் துறைத் தலைவர் ரேமோன் துர்பேன், நடுவில் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். அவர் பெயர் மட்டும் பிழையாக அச்சாகியிருந்தது.

கோத்தியே குழந்தைகள் இதயநோய் மருத்துவம் பயில அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனவர். அங்கே செல்களை ஆய்வகத்தில் வளர்க்கும் நுட்பத்தையும் கற்றுக்கொண்டு பாரிஸ் திரும்பினார். துரூசோ மருத்துவமனையில் அதற்கான ஆய்வகத்தை நிறுவியவர் அவர்தான். பணம் ஒதுக்கப்படாததால் தானே கடன் வாங்கிக் கண்ணாடிக் கலங்கள் வாங்கினார். செல்களுக்கு ஊட்டம் தர, சேவல் வளர்த்து அதன் பிளாஸ்மாவையும் தன் சொந்த ரத்தத்தின் சீரத்தையும் பயன்படுத்தினார். கூடுதல் குரோமோசோமைக் கண்ட பிறகு, படமெடுக்கும் வசதி தன்னிடம் இல்லாததால் லெஜேனிடம் ஸ்லைடுகளைக் கொடுத்ததாகவும், அவை திரும்பி வரவில்லை என்றும் பிற்காலத்தில் எழுதினார். லெஜேன் தரப்பு இதை ஏற்கவில்லை. ஆனால் 2014இல் பிரான்சின் தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மின் நெறிமுறைக் குழு, இந்தக் கண்டுபிடிப்பில் லெஜேனின் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்று கருத்துச் சொன்னது. கோத்தியேவின் வயது அப்போது தொண்ணூறை நெருங்கியிருந்தது.

மருத்துவ ஆய்வுலகுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டையாகத் தோன்றலாம். அப்படியல்ல. மருத்துவக் கட்டுரைகளில் பெயர் வரிசைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வேலையைப் பெரும்பாலும் செய்தவர் முதலில். ஆய்வுக்குப் பொறுப்பேற்று, நிதியும் ஆய்வகமும் தந்து வழிநடத்திய மூத்தவர் கடைசியில். இடையில் இருப்பவர்களைப் பெரும்பாலும் யாரும் நினைவில் வைப்பதில்லை. பதவி உயர்வு, நிதி, மாநாட்டு மேடை எல்லாம் அந்த இரு முனைகளைப் பார்த்தே வருகின்றன. 2015இல் இந்திய மருத்துவக் கவுன்சில், ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு முதல் இரண்டு பெயர்களை மட்டுமே கணக்கில் எடுப்போம் என்றே விதி கொண்டுவந்தது. பிறகு அதை மாற்றிவிட்டார்கள் என்றாலும், இடத்துக்கு இருக்கும் விலை அதிலிருந்து தெரியும்.

அந்த இடங்களில் எத்தனை பெண்கள்? 2006இல் ரேஷ்மா ஜக்ஸி என்ற புற்றுநோய்க் கதிரியக்க மருத்துவர் சக ஆய்வாளர்களுடன் இதை எண்ணிப் பார்த்தார். ஆறு முன்னணி மருத்துவ இதழ்களில் 1970 முதல் 2004 வரை வெளியான அமெரிக்கக் கட்டுரைகள் அவர்கள் எடுத்துக்கொண்ட களம். முதல் பெயர் பெண் மருத்துவருடையதாக இருந்தது 1970இல் 5.9 சதவீதம், 2004இல் 29.3 சதவீதம். கடைசிப் பெயர் 3.7 சதவீதத்திலிருந்து 19.3 சதவீதமாகியிருந்தது. உயர்வு உண்மைதான். ஆனால் துறைவாரியாகப் பிரித்தால் படம் மாறுகிறது. குழந்தை மருத்துவ இதழில் 2004இல் கடைசிப் பெயர்களில் 38 சதவீதம் பெண்கள். மகப்பேறு இதழில் 28. அறுவைசிகிச்சை இதழில் 6.7 மட்டுமே.

பெண்கள் இப்போதுதான் பெருமளவில் மருத்துவம் படிக்கிறார்கள், காலம் போனால் தானே சரியாகும் என்பது வழக்கமான பதில். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2016இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வு, ஆறு பெரிய இதழ்களில் பெண் முதலாசிரியர்கள் 1994இல் 27 சதவீதமாக இருந்து 2014இல் 37 சதவீதமானதையும், கடைசி ஆண்டுகளில் அந்த ஏற்றம் நின்றுபோனதையும் காட்டியது. தானாக ஏறும் ஒன்று பாதி வழியில் ஏன் நிற்க வேண்டும்? கொரோனா வந்தபோது நிலைமை பின்னோக்கியே போனது. 2020இன் முதல் மாதங்களில் வந்த கோவிட் கட்டுரைகளில் பெண் முதலாசிரியர்களின் பங்கு, அதே இதழ்களின் முந்தைய ஆண்டு நிலையைவிட 19 சதவீதம் குறைவு. பள்ளிகள் மூடிய வீட்டில் யார் எதைச் செய்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

காரணத்தைத் துல்லியமாகத் தொட்டது கனடாவில் நடந்த ஒரு மாற்றம். அந்நாட்டின் சுகாதார ஆய்வு நிதி அமைப்பு தன் திட்டத்தை இரண்டாகப் பிரித்தது. ஒன்றில் முன்வைக்கப்படும் ஆய்வின் தரத்தை முதன்மையாகப் பார்த்தார்கள். மற்றதில் ஆய்வாளரின் தகுதியை முதன்மையாக எடைபோட்டார்கள். ஆய்வைப் பார்த்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் வெற்றி விகிதத்தில் இடைவெளி 0.9 சதவீதப் புள்ளி. ஆளைப் பார்த்தபோது 4 புள்ளி. 2019இல் லான்செட்டில் வந்த இந்தக் கணக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: பெண்களின் அறிவியல் சோடை போகவில்லை, அவர்களை எடைபோடும் கண்ணில்தான் கோளாறு. நிதி கிடைக்காதவருக்கு ஆய்வகம் இல்லை. ஆய்வகம் இல்லாதவர் கடைசிப் பெயராக முடியாது.

நம்மவர்கள் இந்தக் கணக்குகளில் எங்கே இருக்கிறார்கள் என்று தேடினால் வேறொரு சிக்கல். இத்தகைய ஆய்வுகளில் பல, பெயரை வைத்தே பாலினத்தைக் கணிக்கும் மென்பொருளை நம்புகின்றன. தமிழ்ப் பெயரில் முன்னால் இருப்பது பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிக்கும் இனிஷியல். 'ஆர். கலைச்செல்வி' என்ற பெயரில் மென்பொருள் 'ஆர்' என்பதை ஆளின் பெயராகவும் கலைச்செல்வியைக் குடும்பப் பெயராகவும் எடுத்துக்கொள்ளும். பாலினம் தெரியவில்லை என்று ஒதுக்கியும்விடும். குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தில் கணவர் பெயரை எழுதிய பெண்ணுக்கு, திருமணத்துக்கு முன் வந்த கட்டுரைகளும் பின் வந்தவையும் இரு வேறு ஆட்களுடையவை ஆகிவிடுகின்றன.

முதல், கடைசி இடங்களில் பெண்கள் குறைவாக இருப்பதால் இழப்பு பெண் மருத்துவருக்கு மட்டுமா? நோயாளிக்கும்தான். மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களிடம் சோதித்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள். 1989இல் வந்த முடிவு, மாரடைப்பு அபாயம் 44 சதவீதம் குறைகிறது என்றது. பெண்களுக்கு? 39,876 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு வர 2005 ஆனது. மாரடைப்பில் பெண்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை, பக்கவாதம்தான் 17 சதவீதம் குறைந்தது. ஆண்களிடம் கண்டதற்கு ஏறக்குறைய நேர்மாறு. அந்தக் கட்டுரையின் கடைசிப் பெயர் ஜூலி பியூரிங், ஒரு பெண்.

ஒரு கட்டுரையை வைத்து முடிவுகட்ட வேண்டாம். 2017இல் 15 லட்சம் மருத்துவக் கட்டுரைகளை அலசியபோதும், முதலிலோ கடைசியிலோ பெண் பெயர் இருக்கும் கட்டுரைகளே ஆண் பெண் வேறுபாட்டை ஆராய்வதற்கு அதிக வாய்ப்பு இருப்பது தெரிந்தது. எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதை முடிவு செய்கிற இடங்கள் அந்த இரு முனைகள்.

ஆய்வுக் குழுக்களை நடத்தும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் பெயர் எங்கே வரும் என்பதை ஆய்வு தொடங்கும் நாளிலேயே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். வேலை செய்யாத துறைத் தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்க்காதீர்கள். மகப்பேறு விடுப்பில் போகும் முதுநிலை மாணவியின் இடத்தை, அவர் திரும்பி வரும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.