வளைபாதக் குழந்தையும் பெற்றோர் பொறுமையும்

பிறந்த குழந்தையின் பாதம் உட்புறமாகத் திரும்பிக் கீழ்நோக்கி வளைந்திருந்தால், கிரகணத்தின்மீது பழி போடுவோரையும் தாயைக் குறை கூறுவோரையும் நம் கிராமங்களில் இன்றும் காண்கிறோம். இரண்டும் தவறு. ஏறத்தாழ 1,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது நேர்கிறது.

அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பொன்செட்டி வகுத்த முறையே இன்று கையாளப்படுகிறது. வைத்தியர் பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பித் தொடைவரை மாவுக்கட்டுப் போடுவார். வாரந்தோறும் அதனை அவிழ்த்து, இன்னுஞ் சிறிது திருப்பி, மறுபடி கட்டுவார். ஐந்தாறு கட்டுகளில் பாதம் பெரிதும் நேராகும். பெரும்பாலும் குதிகால் நாணைச் சிறிது கீறி, மூன்று வாரத்திற்குக் கடைசிக் கட்டும் போடுவதுண்டு. திண்டிவனம் பக்கத்திலிருந்து விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, நடவுக் கூலியை இழந்து வாரந்தோறும் பஸ் ஏறுவது ஏழைத் தாய்க்கு எளிதன்று.

எனினும் உண்மையான சோதனை பிறகுதான். இரு பூட்சுகளை ஒரு சட்டத்தில் பொருத்திய சாதனத்தை முதல் மூன்று மாதம் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கு வயதுவரை உறக்கத்திலும் அணிவிக்கவேண்டும். குழந்தை அழும்; பாட்டி கழற்றச் சொல்வாள்; பாதமோ பார்வைக்கு நேராயிருக்கும். அணிவிப்பதை நிறுத்தினால் பாதம் மீண்டும் வளையக்கூடும். “கட்டுப் போட்ட வாரங்க பெருசு இல்லீங்க ஐயா, ராத்திரி ராத்திரி பூட்சு மாட்டுறதுதான் பெருசு” என்றார் ஒரு தந்தை.

2013 முதல் நடைபெறும் தேசியச் சிறார் நலத்திட்டத்தில் இச்சிகிச்சை இலவசம். வார்டில் இத்தகைய குழந்தை பிறந்தால் ஊராட்சி உறுப்பினர்கள் முதல் வாரத்திலேயே கிராம சுகாதாரச் செவிலியரிடம் தெரிவிக்கவேண்டும். ஓராண்டு கழித்தும் அவ்வீட்டுக்குச் சென்று, இரவில் பூட்சு மாட்டுகிறார்களா என்று கேட்கவேண்டும்.