பரணில் கேட்கும் சீறல்

டீயைக் குடியுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். உங்கள் பரணில் ராத்திரி கேட்கிற சீறல் பாம்பு போடுவது இல்லை. கூகைக் குஞ்சுகள் பசிக்குப் போடும் சத்தம் அது. சாக்குருவி என்று பயந்து ஜன்னலைச் சாத்துகிறோமே, அந்த ஆந்தையின் பிள்ளைகள். இவை மற்றக் குஞ்சுகளைப் போலக் கீச்சிடுவதில்லை. குறட்டை விடுகிற மாதிரி இழுத்து இழுத்துச் சீறும், பெற்றவர்கள் இரை கொண்டு வரும்வரை.

நம் பெரணமல்லூரில் கூகைக்குத் தோதான வீடுகள் நிறைய. ஓடு விலகிய ஒரு சந்து போதும். உள்ளே யாரும் ஏறாத பரண், அதில் பழைய தறியின் அச்சும் விழுதும். குச்சி பொறுக்கிக் கூடு கட்டும் பழக்கம் கூகைக்கு இல்லை. இருட்டு மூலையில் வெறும் பலகைமேலேயே முட்டை வைத்துவிடும். வெளியே நெல்லும் மல்லாட்டையும் விளைகிற நிலம், அதில் எலி. கூகைக்கு வேறென்ன வேண்டும்?

வழக்கமாக 4 முதல் 7 முட்டை. எல்லாம் ஒரே நாளில் வராது, இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு வரும். முதல் முட்டையிலேயே அடைகாக்க உட்கார்ந்துவிடுவதால் குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகவே பொரியும். அதனால்தான் ஒன்று இறகு முளைத்து நிற்கும்போது இன்னொன்று வெறும் பஞ்சாகக் கிடக்கிறது. இரை குறைந்தால் கடைக்குட்டி பிழைப்பது கஷ்டம். அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க இரண்டு மாதம். அவ்வளவுதான் அவை உங்களிடம் கேட்கிற காலம்.

கீழே கிடக்கிற கறுப்பு உருண்டைகளை எச்சம் என்று நினைத்திருப்பீர்கள். எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் கூகை வாய்வழியே கக்கிப் போடுவது அது. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடு முழுசாகக் கிடைக்கும். ஆராய்ச்சியாளர்கள் இதை எண்ணித்தான் கூகை என்ன தின்கிறது என்று கணக்கிடுகிறார்கள். கூகை தின்னாமல் விட்ட எலி, தறியில் ஏற்றிய பட்டுப் பாவைக் கடித்தால் என்ன ஆகும் என்று நெசவு வீட்டில் சொல்லத் தேவையில்லை. அறுந்த இழையை ஒவ்வொன்றாகத் தேடிப் பிணைக்க வேண்டும், கூலியும் போகும், நாளும் போகும்.

எலியை இருட்டிலும் கூகை பிடிப்பது காதால். அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை, ஒன்று சற்று மேலே இருக்கும். சத்தம் இரண்டுக்கும் வந்து சேர்வதில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை வைத்தே எலி இருக்கும் இடத்தைக் குறித்துவிடும். துளி வெளிச்சமில்லாத அறையிலும் கூகை எலி பிடிக்கும் என்று சோதனை செய்து காட்டியவர் ராஜர் பெய்ன் என்ற ஆராய்ச்சியாளர். அதனால்தான் மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகவே மரப்பெட்டி வைத்துக் கூகையைக் குடியேற்றினார்கள். இஸ்ரேல் விவசாயிகளும் 1980களிலிருந்து அதைச் செய்கிறார்கள். வங்காளத்தில் லட்சுமியின் வாகனமே ஆந்தைதான். நாமோ அது கத்தினால் சாவு என்கிறோம். அந்தப் பழியை அதன்மேல் போடுவது அநியாயம்.

நாற்றம் இருக்கும், மறுக்கவில்லை. பரணுக்குக் கீழே தார்ப்பாய் கட்டுங்கள், பாவும் சேலையும் தப்பிக்கும். குஞ்சைத் தொட வேண்டாம், நகம் கிழித்துவிடும். தவறி விழுந்ததைச் சாக்கால் பிடித்துப் பரணில் இருந்த இடத்திலேயே விடலாம். மனிதக் கை பட்டதற்காகத் தாய் ஒதுக்காது. முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஓட்டுச் சந்தை இப்போது அடைக்காதீர்கள், குஞ்சுகள் உள்ளே பட்டினியால் சாகும். எல்லாம் பறந்துபோன பிறகு, முகத்தில் துணி கட்டி, தண்ணீர் தெளித்துச் சுத்தம் செய்துவிட்டு ஓட்டைச் சரிசெய்யுங்கள். முடிந்தால் வெளிச்சுவரில் உயரமாகக் கூகைக்கு ஒரு மரப்பெட்டி மாட்டுங்கள்.

அதுவரை வீட்டில் எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும்.